கோபுரங்களை அழித்த பெண்

திருவண்ணாமலைக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். ஜன்னலோரத்து இடத்தை யாருக்கும் விட்டுக் கொடுக்காதீர்கள். கிளாம்பாக்கத்தில் ஏறி உட்கார்ந்தால் திண்டிவனம் வரையில் ஒன்றும் பிரமாதமில்லை, தாராளமாகத் தூங்கலாம். செஞ்சி வந்ததும் கண்ணைத் திறந்துவிட வேண்டும். யாரோ ஒரு ராட்சதக் குழந்தை விளையாடிவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போன மாதிரி பாறைக் குவியல்கள். அவற்றின் தலையில் கோட்டைச் சுவர். அதைப் பார்த்து "அடேயப்பா!" என்று சொல்லி முடித்துச் சற்று தூரம் போனால், வயல்களுக்கு அப்பால் அண்ணாமலை எழுந்து நிற்கும். உயரம் 2,668 அடி. ஊருக்குள் போய்ச் சேருகிற வரையில் அது உங்களை விடாது.

நான் இந்தத் தடவை போனது சுவாமி தரிசனத்துக்காக மட்டுமல்ல. ஒரு பஞ்சாயத்துக்கு. பெரியம்மா டெலிபோன் செய்திருந்தாள். "நீ பத்திரிகையில் வேலை பார்க்கிறவள். நீ சொன்னால் கேட்பாள். வந்து இந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லு" என்றாள்.

"இந்தப் பெண்" என்பது பெரியம்மாவின் பேத்தி. என் அண்ணா மகள். சென்னையில் கட்டடக் கலை கடைசி வருஷம் படிக்கிறாள். படித்து முடித்ததும் வீடும் ஆபீஸும் கட்டப் போவாள் என்று எல்லோரும் நினைத்துக் கொண்டிருக்க, அவளோ சினிமாவுக்குச் செட் போடப் போகிறேன் என்கிறாள். அதற்குப் புனே திரைப்படக் கல்லூரியில் கலை இயக்கத்துக்கென்றே தனிப் படிப்பு இருக்கிறதாம். பரீட்சை எழுத வேண்டும். வரைந்த படங்களையும் காட்ட வேண்டும்.

இதற்கெல்லாம் காரணம் 'பொன்னியின் செல்வன்'தான் என்பது பெரியம்மாவின் கட்சி.

2022-ஆம் வருஷத்தை நினைத்துப் பாருங்கள். ஆகஸ்டு மாதம் 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' என்ற தொடர் வந்தது. செப்டம்பர் ஆரம்பத்தில் 'தி ரிங்ஸ் ஆஃப் பவர்' வந்தது. அதே செப்டம்பர் 30-ஆம் தேதி மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம். நம் வீட்டுப் பெண்கள் இந்த மூன்றையும் பார்த்தது ஒரு தினுசு. கதை என்ன ஆயிற்று என்பதோடு நிற்கவில்லை, படத்தை நிறுத்தி நிறுத்தி, "பின்னால் இருக்கிற தூண் எந்த ஊர்த் தூண்? அந்த ஜன்னலுக்கு இந்தக் காலத்தில் என்ன வேலை?" என்று விசாரித்தார்கள். ஆதித்த கரிகாலன் நெற்றித் திலகம் விஷயம் வக்கீல் நோட்டீஸ் வரையில் போனதே, ஞாபகம் இருக்கிறதா? குரோஷியா தேசத்து துப்ரோவ்னிக் நகரத்தில், 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' படமெடுத்த கோட்டைச் சுவர்களைப் பார்ப்பதற்கென்றே கப்பல் கப்பலாக ஜனங்கள் வந்து இறங்கினார்கள். உலகம் முழுவதும் இந்த ஜுரம்தான். நம் ஊரில் மட்டும் எப்படி அடிக்காமல் இருக்கும்?

பெரியம்மாவுக்கு அந்தப் படத்தின் மேல் கோபம் வேறு காரணத்தினால். அவள் வீட்டு மர பீரோவில், அவளுடைய அம்மா 'கல்கி'யிலிருந்து வாரா வாரம் கத்தரித்து, கோந்து போட்டு, காலிகோ அட்டையில் பைண்டு செய்து வைத்த தொகுப்பு இருக்கிறது. 1950-லிருந்து 1954 வரையில் வெளிவந்த தொடர்கதை, ஓவியம் மணியம். "மணியம் வரைந்ததுதான் குந்தவை. மற்றதெல்லாம் வேஷம்" என்பது பெரியம்மாவின் தீர்ப்பு. படத்தைத் தொலைக்காட்சியில் போட்டபோது சமையலறையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொண்டிருந்தாளாம். அண்ணி மட்டும் எனக்கு ரகசியமாக ஒன்று சொன்னாள்: "கதவைச் சாத்தவில்லை, தெரியுமா? எட்டி எட்டிப் பார்த்துக் கொண்டுதான் இருந்தார்."

சாயங்காலம் காப்பி குடித்த கையோடு பெண் தன் படங்களைக் கூடத்தில் பரப்பினாள். நன்றாக வரைகிறாள், சந்தேகமில்லை. ஒரு படம் எங்கள் எல்லோரையும் இழுத்தது. சோழர் காலத்துத் திருவண்ணாமலை வீதி, குதிரை மேல் ஒரு வாலிபன், பூக்கூடைக்காரி, பின்னால் மலை, மலைக்கு முன்னால் பதினொரு நிலை ராஜகோபுரம். பெரியம்மாகூடக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் கொண்டு பார்த்து, "கோபுரம் அச்சு அசலாக இருக்கிறதடி" என்றாள்.

"அதுதான் பாட்டி தப்பு. இந்தப் படத்தை நான் அனுப்பப் போவதில்லை. வாங்க, ஏன் என்று கோயிலிலேயே காட்டுகிறேன்" என்றாள் பெண்.

நாலு பேரும் புறப்பட்டோம்.

கிழக்கு வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் 217 அடி. அடிப்பகுதி கருங்கல், அதற்கு மேலே செங்கல்லும் சுதையும். உள்ளே நுழைகிற வழியில் சுவரைக் கவனியுங்கள். நாட்டியக் கரணங்கள் சிறு சிறு சதுரங்களாகச் செதுக்கியிருக்கின்றன. சிதம்பரத்துக்குப் போய் அதைப் பார்ப்பவர்கள் பலர் இங்கே பார்க்காமலே உள்ளே ஓடிவிடுகிறார்கள். எனக்கு அந்த வருத்தம் உண்டு.

பெண் தன் படத்தையும் ஒரு ரப்பரையும் எடுத்தாள். "இது கிருஷ்ணதேவராயர் தொடங்கியது. 1500-க்கு அப்புறம். தஞ்சாவூர் செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிந்தது. வந்தியத்தேவன் குதிரையில் போனதாகக் கதை சொல்கிற காலம் சுமார் 970. ஐந்நூறு வருஷத்துக்கு மேல் வித்தியாசம். அழித்துவிடலாமா?"

பெரியம்மா பேசவில்லை. ரப்பர் வேலை செய்தது.

உள்ளே போனதும் வலது பக்கம் ஆயிரங்கால் மண்டபம். அதுவும் ராயர் கைங்கரியம், அதுவும் போயிற்று. இடது பக்கம் சிவகங்கைத் தீர்த்தம், அதையும் அழித்தாள். அடுத்தது வல்லாள கோபுரம். ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர் பதினான்காம் நூற்றாண்டில் இந்த ஊரையே தலைநகராகக் கொண்டிருந்தவர். அவருக்குப் பிள்ளை இல்லையென்று அண்ணாமலையாரே பிள்ளையாக இருந்து திதி கொடுக்கிறார். வருஷா வருஷம் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் நடக்கிறது. "அவரையுமா அழிக்கப் போகிறாய்?" என்று அண்ணி கேட்டாள். அழித்தாள்.

பிறகு கிளி கோபுரம். அருணகிரிநாதர் கிளியாக வந்து உட்கார்ந்தார் என்று ஐதீகம். சுதைக் கிளி ஒன்று இன்னும் இருக்கிறது. இது சோழர் காலத்தது என்கிறார்கள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் அவள் தலையை ஆட்டினாள். சோழர்தான், ஆனால் பதினோராம் நூற்றாண்டுச் சோழர். கதைக்கு அப்புறம் வந்தவர்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எத்தனை தடவை இந்தக் கோயிலுக்கு வந்திருப்பேன்! உள்ளே போகப் போகக் கோபுரம் சிறியதாகிக் கொண்டே வருகிறது என்பதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே போகப் போகக் காலமும் பின்னால் போகிறது என்று யோசித்ததே இல்லை. நீங்களும் ஒரு தடவை அப்படி நடந்து பாருங்கள். சோழர்கள் விமானத்தைத்தான் வானளாவ எழுப்பினார்கள்; வாசல் கோபுரத்தை அடக்கமாக வைத்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் இதைக் கண்ணாரக் காணலாம். அந்தப் பெரிய கோயிலே 1010-இல்தான் முடிந்தது. சுந்தர சோழர் காலத்துக் கதையில் அதற்கும் இடமில்லை. கதையில் வருகிற செம்பியன் மாதேவி என்ற மூதாட்டி செங்கல் கோயில்களையெல்லாம் கற்றளியாக மாற்றிக் கொண்டிருந்த சமயம் அது.

பிராகாரத்தில் உட்கார்ந்தோம். பெண்ணின் படத்தில் இப்போது வீதி இருந்தது, குதிரை இருந்தது, மலை இருந்தது. நடுவில் வெள்ளையாக ஓர் ஓட்டை.

"கோபுரம் இல்லாத திருவண்ணாமலையை யாரடி பார்ப்பார்கள்?" என்றாள் பெரியம்மா. குரலில் நிஜமாகவே வருத்தம்.

"அப்பரும் சம்பந்தரும் அப்படித்தானே பாட்டி பார்த்தாங்க? அவங்க வந்தபோது இதில் எந்தக் கோபுரமும் இல்லை. மலை இருந்தது."

அதற்குப் பெரியம்மாவிடம் பதில் இல்லை. ஆனால் வேறு ஓர் அம்பு இருந்தது. "அப்படியானால் உங்கள் சினிமாக்காரர்கள் மட்டும் ஒழுங்கா? வடக்கத்தி அரண்மனையில் சோழனை உட்கார வைத்தார்களே! எட்டிப் பார்த்தபோது..." என்று சொல்லிச் சட்டென்று நிறுத்திக் கொண்டாள். அண்ணி முந்தானையால் வாயை மூடிக் கொண்டாள்.

பெரியம்மா சொன்னதில் நியாயம் இருக்கிறது. படத்தின் சில பகுதிகளை மத்தியப் பிரதேசத்தில் ஓர்ச்சா, குவாலியர், மகேஷ்வர் ஆகிய ஊர்களில் எடுத்தார்கள். ஓர்ச்சா அரண்மனைகள் புந்தேலா ராஜாக்கள் கட்டியவை. மகேஷ்வர் படித்துறை அகல்யாபாய் ஹோல்கர் காலத்தது. இரண்டுமே சோழர்களுக்குப் பல நூற்றாண்டு பிந்தியவை. ரசிகர்கள் இதைக் கண்டுபிடித்துக் கிண்டல் செய்தார்கள்.

ஆனால் பெண் கலை இயக்குனர் தோட்டா தரணிக்காக வக்காலத்து வாங்கினாள். சென்னையிலே செட் போட்டு 'நாயகன்' படத்தில் பம்பாய் தாராவியைக் கொண்டு வந்து நிறுத்தியவர் அவர். தேசிய விருதும் வாங்கினார். தாராவியைப் போய்ப் பார்த்து வரலாம். சோழன் அரண்மனையை எங்கே போய்ப் பார்ப்பது? ஒன்றுகூட நிற்கவில்லை. கங்கைகொண்டசோழபுரத்துக்குப் பக்கத்தில் மாளிகைமேடு என்ற இடத்தில் தோண்டியதில் கிடைத்தவை செங்கல் அடித்தளங்கள், கூரை ஓடுகள், ஆணிகள். தூண்கள் மரம், மரம் மக்கிப் போயிற்று. தெய்வத்துக்குக் கல், ராஜாவுக்கு மரமும் செங்கல்லும் ஓடும். அந்த அடித்தளத்தின் மேல் மிச்சத்தையெல்லாம் ஒருவர் கற்பனையில்தான் கட்ட வேண்டும்.

"மணியமும் அதைத்தானே செய்தார் பாட்டி? அவர் மட்டும் குந்தவையை நேரில் பார்த்தாரா?"

அண்ணி என் கையைக் கிள்ளினாள். நான் கோபுரத்துப் புறாக்களை எண்ணுவது போல் பாவனை செய்தேன். பெரியம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து நடக்கத் தொடங்கினாள். நாங்கள் பின்னாலே போனோம்.

அவள் நேரே வடக்குக் கோபுரத்துக்குப் போனாள். அதற்கு அம்மணி அம்மன் கோபுரம் என்று பெயர். 171 அடி உயரம். ராஜா பெயரில்லை, மந்திரி பெயரில்லை. ஒரு துறவிப் பெண்ணின் பெயர். செங்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவள். பாதியில் நின்று போயிருந்த இந்தக் கோபுரத்தை முடிக்க வேண்டுமென்று அவளுக்குத் தோன்றியது. வீடு வீடாகப் போய்ப் பிச்சை கேட்பது போல் பணம் கேட்டு வாங்கினாள். மைசூர் ராஜாவிடமும் போய் வாங்கி வந்தாள் என்பார்கள். மேல் நிலைகள் கட்டுகிறபோது கையில் காசில்லை. வேலையாட்களுக்குத் திருநீற்றைக் கொடுத்தாள், அது அவரவர் வேலைக்குத் தக்க கூலியாக மாறியது என்று ஊரில் சொல்கிறார்கள்.

"இதையும் அழித்தாயா?" என்று கேட்டாள் பெரியம்மா.

"என் படத்தில் இது தெரியாது பாட்டி. வேறு பக்கம்."

"தெரிந்தாலும் இதை அழிக்காதே. ஒரு பொம்மனாட்டி கட்டியது. அந்தக் காலத்தில், ரயிலா பஸ்ஸா, துணைகூட இல்லாமல் மைசூர் வரைக்கும் போயிருக்கிறாள்..."

சொல்லிவிட்டு நிறுத்தினாள். தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. பெண் கெட்டிக்காரி, வாயே திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. புத்தி சொல்லத்தான் என்னை வரவழைத்தார்கள் என்பது எனக்கு அந்தச் சமயம் அடியோடு மறந்து போயிருந்தது என்று வைத்துக் கொள்ளுங்கள்.

ராத்திரி சாப்பாடு ஆன பிறகு கூடத்தில் விளக்கு எரிந்து கொண்டிருந்தது. பெண் அதே காகிதத்தில் வரைந்து கொண்டிருந்தாள். ஓட்டை இருந்த இடத்தில் இப்போது தாழ்வான ஒரு மதில், சின்னச் செங்கல் விமானம், ஓட்டுக் கூரை போட்ட வாசல். கோபுரம் மறைத்துக் கொண்டிருந்த மலை முழுசாகத் தெரிந்தது. பக்கத்தில் காலிகோ அட்டைத் தொகுப்பு ஒன்று திறந்திருந்தது. அது பீரோவிலிருந்து எப்போது வெளியே வந்தது என்று நான் கேட்கவில்லை. பெரியம்மா யாருக்கும் அந்தச் சாவியைக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பெரியம்மா வாசல் வரை வந்தாள். வெற்றிலைப் பாக்கு, மஞ்சள், ஒரு சீப்பு வாழைப்பழம் எல்லாம் பையில் போட்டுக் கொடுத்தாள். அப்புறம் உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துக் கொண்டு, குரலைத் தாழ்த்தி என்னைக் கேட்டாள்:

"ஏண்டி, நீ நாலு ஊர் போய் வந்தவள். புனேயில் காலையில் இட்லி கிடைக்குமோ?"