ரூத் வரை

தமிழ் படித்தவர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. அச்சேறிய எதைக் கண்டாலும் பொருளுக்கு முன்பாகப் பிழைதான் கண்ணில் படும். மிகவேண்டிய வல்லினம் மிகாதிருப்பதும், ஒருமை எழுவாய் பன்மைப் பயனிலை கொள்வதும் திருமண அழைப்பிதழிலிருந்து இரங்கல் சுவரொட்டி வரை நம்மைத் துரத்திக்கொண்டே வரும். இருபதாண்டுகளாகக் கல்லூரியில் இலக்கணம் நடத்தும் எனக்கு இது தொழிலாகவே அமைந்துவிட்டது. தொழிலாக இருக்கும்வரை நல்லதுதான். ஒருவன் தன் கடவுளோடு பேசும் பேச்சுக்குள்ளும் சிவப்பு மைப் பேனா நுழைந்துவிடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய எங்கள் வீட்டில், இரவுக் குடும்ப ஜெபம் அம்மாவின் பொறுப்பாக இருந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவருடைய ஜெபத்தில் வாக்கியங்கள் முடிவதில்லை. 'ஆண்டவரே' என்ற விளியைப் பற்றிக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் செல்வார். பக்கத்து வீட்டுச் சினைப்பசுவுக்கும் அதில் இடமுண்டு. அவர் மறைந்தபின் பொறுப்பு என்னிடம் வந்தது. முதல் வாக்கியத்தைத் தொடங்குவேன். பயனிலைக்கு வருமுன்பே அது எத்தனை பேர் சொல்லித் தேய்ந்த தொடர் என்பது நினைவுக்கு வரும். வேறு சொல் தேடுவேன். பிள்ளைகள் கண்மூடிக் காத்திருப்பார்கள். கடைசியில் பரமண்டல ஜெபத்தை எல்லோரும் சேர்ந்து சொல்லி முடிப்போம். அது ஏற்கெனவே மெய்ப்புப் பார்க்கப்பட்ட பிரதியல்லவா!

இந்த மனநிலைக்கு வேதத்தையே ஆதாரமாகக் காட்டிவிட முடியும். மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தின் இறுதியில் பரமபிதாவைப் போலவே இருக்கும்படி இயேசு கட்டளையிடுகிறார். ஹென்றி பவர் தலைமையில் 1871இல் நிறைவுற்ற மொழிபெயர்ப்பு அங்கே 'பூரண சற்குணர்' என்ற சொல்லை ஆள்கிறது. கேட்ட மாத்திரத்தில் நடுங்கவைக்கும் சொல். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'நிறைவுள்ளவர்' என்கிறது. மூலத்திலுள்ள கிரேக்கச் சொல் 'தெலெயோஸ்'. இறுதி, இலக்கு எனப் பொருள்படும் 'தெலோஸ்' என்பதன் வழிவந்தது. சிறுபிள்ளைத்தனம் நீங்கி முதிர்ந்தவரைக் குறிக்கவும் பவுல் இதே சொல்லைப் பயன்படுத்துகிறார். அதற்கு முந்தைய வசனங்கள் நல்லோர் தீயோர் என்று பாராமல் உதிக்கும் சூரியனையும் பெய்யும் மழையையும் பற்றிப் பேசுகின்றன. லூக்கா இதே இடத்தில் இரக்கம் என்றே எழுதிவிடுகிறார். ஆக, கேட்கப்படுவது பகைவனையும் விலக்காத அன்பின் முதிர்வு. முதிர்ந்த மாங்கனியின் தோலில் வடு இருக்கலாம். அதனால் அது கனியாகாமல் போவதில்லை.

இதை அறிவால் விளங்கிக்கொள்வது எளிது. நெஞ்சில் இறங்க வேறொன்று வேண்டியிருக்கிறது. மார்ட்டின் லூத்தர் துறவியாக இருந்த காலத்தில், ஏதேனுமொரு பாவம் விடுபட்டிருக்குமோ என்ற அச்சத்தில் மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்தவர். எண்ணி முடிக்க முடியாத அந்தக் கணக்கிலிருந்து அவரை விடுவித்தது கிருபை என்ற ஒரே சொல். திருந்திய பின் ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை. ஏற்றுக்கொள்ளப்பட்டதனால் திருந்தத் தொடங்குகிறோம் என்பதே அவர் கண்டடைந்தது.

அவர் வழிவந்த சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறியது. அதன் நடையில் குறைகாண்பது தமிழ் மாணவர் எவருக்கும் எளிது. பழைய ஏற்பாட்டில் ரூத் ஆகமம் வரை மொழிபெயர்த்திருந்த நிலையில் 1719இல் காலமானார். வயது முப்பத்தாறு. எஞ்சியதைச் சூல்ட்சே என்பவர் முடித்தார். பின்னர் வந்த பப்ரிசியஸ் இருபதாண்டுகளுக்கு மேல் உழைத்துத் திருத்திய புதிய ஏற்பாடு 1772இல் வெளியாயிற்று. அத்தனை நுணுக்கமான அந்த மனிதர் முதுமையில் கடன் சிக்கலால் சிறைக்குப் போனார். அவர் தமிழாக்கிய ஞானப்பாட்டுகளை லுத்தரன் சபைகள் இன்றும் பாடுகின்றன. இருபதாம் நூற்றாண்டில் டென்மார்க்கிலிருந்து வந்த எல்.பி. லார்சன் தலைமையில் இன்னும் திருத்தமான ஒரு பதிப்பு உருவானது. சபைகளோ தங்களுக்குப் பழகிய பழைய பதிப்பைக் கைவிடவில்லை.

முந்நூறு ஆண்டுகளாகத் தமிழ்க் கிறித்தவர் கையில் குறையற்ற வேதப் பிரதி என்று ஒன்று இருந்ததே இல்லை. ஒவ்வொரு பதிப்பும் அடுத்தவரின் திருத்தத்துக்குக் காத்திருந்தது. ஆனால் ஒவ்வொன்றையும் வாசித்து யாரோ அழுதிருக்கிறார்கள், யாரோ ஆறுதலடைந்திருக்கிறார்கள். ரூத்தோடு நின்றுபோன கையெழுத்துப் பிரதியைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்குள் ஏதோ இளகுகிறது. முடிப்பது என் கையில் இல்லையென்றால், தொடங்குவதற்கு அஞ்சவேண்டியதுமில்லை. இப்போது எங்கள் வீட்டு ஜெபத்தில் வாக்கியங்கள் பாதியில் நிற்கின்றன. சின்னவள் நடுவில் புகுந்து அவற்றை வேறெங்கோ கொண்டுபோகிறாள். யாரும் திருத்துவதில்லை.

எங்கள் ஊரில் மாணிக்கவாசகருக்கு ஒரு கோயில் இருக்கிறது. திருவெம்பாவையை அவர் திருவண்ணாமலையில் பாடியதாக மரபு. தன்னை நாயினும் கீழாகச் சொல்லிக்கொண்டவர் அவர். அப்படிப்பட்ட தன்னைத் தகுதி பாராமல் ஆட்கொண்டது எப்படி என்ற வியப்பு திருவாசகம் நெடுகிலும் இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் முழுமையாக மொழிபெயர்த்து 1900இல், தம் எண்பதாம் வயதில் வெளியிட்ட ஜி.யு. போப் ஒரு கிறித்தவப் பாதிரியார். இருவருடைய சமயமும் வேறு. தகுதிக்கு முன்னால் அருள் வந்து நிற்கும் அந்த இடத்தை மட்டும் போப்புக்கு யாரும் விளக்கிச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. என் அம்மா இவர்கள் இருவரையும் படித்ததில்லை. அவருக்கும் தேவைப்பட்டிருக்காது.