உறுதியும் உருத்தும்

நீதிமன்றச் சொற்கள் நம்மவர் வாயிலே நாள்தோறும் புழங்குகின்றன. அவற்றின் பொருளோ உறுதிப் பெட்டிக்குள்ளேயே பூட்டுண்டு கிடக்கின்றது. புளியந்தீவுக் கோட்டையை 1638இல் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர் போய் நெடுங்காலமாயிற்று. அவர்கள் விட்டுச்சென்ற 'நொத்தாரிசு' இன்றும் நமக்கு உறுதி முடிக்கிறார். 'அப்புக்காத்து' மட்டும் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் 'சட்டத்தரணி'க்குள் மறைந்துவிட்டார். 'விளக்கமறியல்' என்பதைத் தண்டனையென்றே என் மாணவர் பலரும் எண்ணுகின்றனர். அது விசாரணையின் பொருட்டு வைக்கும் தடுப்பு மாத்திரமே. அதற்குள் ஊர் ஒருவனைக் கள்வனாக்கி முடித்துவிடுகிறது.

நிற்க. சென்ற ஆண்டு அயலில் வாழும் மூதாட்டியொருவர் ஓர் உறுதியைக் கொணர்ந்து, "மனே, இதில என்ன எழுதிக் கிடக்கு எண்டு வாசிச்சுச் சொல்லு" என்றார். மகளின் கலியாணத்தின்போது வீட்டை எழுதிக் கொடுத்த நன்கொடை உறுதி அது. மட்டக்களப்பிலே வீடு பெண்பிள்ளைக்கென்பது எழுதாச் சட்டம். முதுசம் தாய்வழி இறங்கும் முக்குவர் வழமையைக் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனை மன்றிலிருந்து அகற்றிற்று. அடுக்களையிலிருந்து அகற்ற இயலவில்லை.

உறுதியை இருமுறை வாசித்தேன். நான்கெல்லையும் இருந்தன, பேர்ச்சுக் கணக்கு இருந்தது, சாட்சிகள் இருவரின் கையொப்பமும் இருந்தது. 'சீவிய உருத்து' என்னும் இரு சொற்கள் மாத்திரம் இல்லை. காணியின் சொந்தம் பிள்ளைக்குப் போனாலும், கொடுத்தவர் தம் ஆயுள் உள்ளவரை அதிலிருந்து அனுபவிக்கும் உரிமையே சீவிய உருத்து. அஃது எழுதப்படாத நன்கொடை, வீட்டுக்காரியை அன்றைக்கே விருந்தாளியாக்கிவிடும். இப்போது மகளும் மருமகனும் அவ்வீட்டை வங்கியில் ஈடுவைக்க எண்ணியிருந்தனர்.

"ஈடெண்டாத் திரும்பி வரும்தானே மனே?"

கடன் தீர்ந்தால் வரும். தீராவிடில் ஏலத்துக்குப் போகும் என்றேன். கொடிய நன்றிகேட்டின் பேரில் நன்கொடையை நீக்க வழியுண்டு. ஆயினும் 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி அதற்கும் மாவட்ட நீதிமன்றத்தையே நாடவேண்டும். "அப்ப என்ர பிள்ளை எதிராளியா?" என்று திடுக்கிட்டார். எதிராளியென்றால் பகைவரல்லர், வழக்குக்கு மறுமொழி கூறவேண்டியவரே என விளக்கினேன். அவர் செவியில் அது ஏறவேயில்லை. எழுந்து போக ஆயத்தமானார்.

இன்னொரு வழியும் இருந்தது. ஈடு வைக்குமுன், மகளே தாய்க்குச் சீவிய உருத்தை எழுதிக் கொடுக்கலாம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி வாய்ச்சொல் மட்டும் போதாது. நொத்தாரிசும் சாட்சிகள் இருவரும் அறியக் கையொப்பமிட வேண்டும். அந்தப் பிள்ளையை அழைத்துச் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. "அம்மாவை ஆரு சேர் எழுப்பப் போறது?" என்று சிரித்தாள்.

இன்னும் எழுதவில்லை.