தெரிந்தவர், தெரியாதவர்

தெரியாதவர் மிட்டாய் கொடுத்தால் வாங்காதே, கூப்பிட்டால் போகாதே. மகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாதுகாப்புப் பாடம் இது. என் அம்மா எனக்குச் சொன்னதும் இதுதான்.

அவளுக்கு ஏழு வயதானபோது, தீபாவளிக்கு வந்த உறவினர் ஒருவர் மடியில் வந்து உட்காரச் சொன்னார். என் புடவைக்குப் பின்னால் ஒளிந்தாள். “தாத்தாதானே, போடி” என்று தள்ளிவிட்டவள் நான்தான். இரவு கேட்டாள்: “தெரிஞ்சவங்ககிட்ட மாட்டேன்னு சொல்லக்கூடாதாம்மா?”

அந்தத் தாத்தா தவறானவர் என்பதல்ல. ஆனால் என் ஒன்பது வயதில் என்னிடம் தவறாக நடந்தவரும் வீட்டுக்குத் தெரிந்தவர்தான். அவர் வந்தால் காபி டம்ளரோடு என்னைத்தான் அனுப்புவார்கள். பெரியவர்களை மறுத்துப் பேசாதே என்று வளர்ந்த பிள்ளை, யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குழந்தையிடம் அத்துமீறுபவர் உறவினராகவோ ஆசிரியராகவோ இருந்தால் கூடுதல் தண்டனை விதிக்கிறது. சட்டத்துக்குத் தெரிந்த இந்த உண்மையை வீடுகள்தான் ஏற்க மறுக்கின்றன.

பாடத்தை மாற்றினேன். உடலுறுப்புகளின் பெயர்களைக் கூசாமல் சொல்லிக்கொடுத்தேன். அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று யார் சொன்னாலும் அதை உடனே வந்து சொல் என்றேன். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை மனப்பாடம் செய்தாள்.

பொங்கலுக்கு அதே தாத்தா கை நீட்டினார். “வேண்டாம் தாத்தா, வணக்கம்” என்றாள். “மரியாதை தெரியாத பிள்ளை” என்றார் அத்தை.

“அவளுக்குப் பிடிக்கலை அத்தை, விட்டுடுங்க” என்றேன். இதைச் சொல்ல எனக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.