மெதெயின் நகரில் நான்கு நாட்கள்

கொழும்பிலே புறப்பட்ட ஆகாய விமானம் எம்மை இஸ்தான்புல் நகரில் இறக்கிவிட, அங்கே பல மணி நேரம் காத்திருந்து, வேறொரு விமானத்திலேறி அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து, தென்னமெரிக்காவிலுள்ள கொலம்பியா தேசத்தின் தலைநகராகிய பொகொட்டாவை அடைந்தோம். அங்கிருந்து மெதெயின் நகருக்கு இன்னொரு சிறு பிரயாணம். கைக்கடிகாரத்தைப் பத்தரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பியபோது, எம் வீட்டார் இந்நேரம் உறங்கியிருப்பர் என்ற எண்ணம் ஒன்றே மனத்தில் நின்றது.

இந்நகரின் பெயரை ஆங்கில எழுத்திற் கண்டு ‘மெடலின்’ என்று வாசிப்போர் பலர். நாமும் அவ்வாறே வாசித்தவர்தாம். விமான நிலையத்திலே வாடகைக் கார்ச் சாரதி ஒருவர் எம் உச்சரிப்பைக் கேட்டுப் புன்னகைத்து, ஒரு முறைக்கு மூன்று முறை சொல்லித் திருத்தினார். பாடம் சொல்லிக் கொடுத்தே பழகிய எமக்கு, பாடம் கேட்கும் இடத்தில் நிற்பது நன்றாகவே இருந்தது.

விமான நிலையம் இருப்பது மலைக்கு அப்பால். 2019 இல் திறக்கப்பட்ட, எட்டுக் கிலோமீற்றருக்கு மேல் நீளமான சுரங்கப்பாதை வழியாக நகருக்குள் இறங்குகிறோம். சுரங்கம் முடிந்து வெளிச்சம் வந்ததும், கீழே பள்ளத்தாக்கு முழுவதும் செங்கல் நிற வீடுகள் கொட்டிக் கிடப்பது போன்ற தோற்றம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1500 மீற்றர் உயரத்திலே இருப்பதால் ஆண்டு முழுவதும் ஒரே இதமான காலநிலை. ‘என்றும் வசந்தம் தங்கும் நகரம்’ என்று அதன் மக்கள் பெருமையாகச் சொல்லிக் கொள்கின்றனர். யாழ்ப்பாணத்து வெயிலிற் காய்ந்த எம் உடம்பு அதை மறுக்கவில்லை.

யாழ்ப்பாணத்துக் கணித ஆசிரியர் ஒருவருக்கு அங்கே என்ன அலுவல் என்று வாசகர்கள் வினவக்கூடும். ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் நடைபெறும் உலகத் தரவு மகாநாடு 2017 இல் கேப் டவுனிலே தொடங்கியது. பின்னர் 2018 இல் துபாயிலும், 2021 இல் பேர்ண் நகரிலும், 2023 இல் சீன தேசத்து ஹாங்சோவிலும் கூடி, ஐந்தாம் முறையாக 2024 நவம்பர் 12 முதல் 15 வரை மெதெயினிலே கூடிற்று. 2030 ஆம் ஆண்டுக்குள் எய்த வேண்டுமென உலக நாடுகள் ஒப்புக்கொண்ட அபிவிருத்தி இலக்குகள் பதினேழு. வறுமை குறைந்ததா, குழந்தைகள் பிழைத்தனவா, குடிநீர் கிடைத்ததா என்று அறிய வேண்டுமாயின் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கை எவர் எடுப்பது, எவ்வாறு எடுப்பது, யாரை விட்டுவிடுகிறோம் என்பனவே மகாநாட்டின் பொருள்.

எமது பங்கு மிகச் சிறிது. உயர்தர வகுப்பு மாணாக்கர் சிலரைக் கூட்டிக்கொண்டு அயற் கிராமத்தில் வீடு வீடாகச் சென்று கிணறுகளைக் கணக்கெடுத்தோம். கிணற்றின் ஆழம் என்ன, துலாவா பம்பா, மலசலகூடத்துக்கும் கிணற்றுக்கும் இடைத்தூரம் எத்தனை அடி, தோட்டத்துக்கு உரம் போடுவது எங்கே என்று கயிறும் கொப்பியுமாகத் திரிந்தார்கள் பிள்ளைகள். சுண்ணாம்புக்கல் நிலத்திலே மேலே ஊற்றியது கீழே இறங்கிவிடும் என்பதும், வலிகாமத்துக் கிணற்று நீரிலே நைத்திரேற்று மிகுந்திருப்பதும் நம்மவர் அறிந்தவையே. இந்தச் சிறு முயற்சியை எழுதியனுப்பியபோது, பொதுமக்கள் தாமே திரட்டும் தரவுகள் பற்றிய ஓர் அமர்விலே பத்து நிமிடம் பேசும்படி அழைப்பு வந்தது.

மகாநாடு நடந்த பிளாசா மயோர் மண்டபம் நகரின் நடுவேயுள்ளது. உடுத்திருந்த உடைகளைக் கண்டே உலகப் படம் வரையலாம் போலிருந்தது. பெரிய மேடைகளில் நிகழ்ந்த பேச்சுக்களை இங்கே விவரிக்கப் போவதில்லை. அவற்றுட் பல, இயந்திர அறிவு இனி எல்லாக் கணக்கையும் தானே போட்டுவிடும் என்னும் பாணியில் அமைந்தவை. நாம் நாடிச் சென்றவை பக்கத்து அறைகளில் நடந்த சிறு அமர்வுகள்.

அத்தகையதோர் அறையிலேதான் கொலம்பியாவின் கணக்கு ஒன்றைப் பற்றி விளக்கமாகக் கேட்டோம். 2005 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே தம்மை ஆபிரிக்க வம்சாவளியினர் என்று சொன்னவர்கள் ஏறக்குறைய 43 இலட்சம் பேர். 2018 ஆம் ஆண்டு மதிப்பிலோ அத்தொகை 30 இலட்சத்துக்கும் குறைந்துவிட்டது. பதின்மூன்று ஆண்டுகளில் ஒரு சமூகத்தின் மூன்றிலொரு பங்கு எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. அதே 2018 இல் அத்திணைக்களமே நடத்திய வாழ்க்கைத் தர ஆய்வின்படி அவர்கள் 46 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். சில இடங்களுக்குக் கணக்கெடுப்போர் சென்று சேரவில்லை. சென்ற இடங்களிலும் இனத்தைப் பற்றிய கேள்வி எல்லாரிடமும் சரிவரக் கேட்கப்படவில்லை. விஷயம் நீதிமன்றம் ஏறி, அம்மக்களின் உரிமை மீறப்பட்டதென்று 2022 இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணக்கிலே பிழை விட்ட மாணவனுக்குப் புள்ளி குறைப்பது எம் தொழில். ஓர் அரசாங்கத்தின் கணக்குக்கு நீதிமன்றம் புள்ளி குறைத்ததை அன்றுதான் கேள்வியுற்றோம்.

இன்னோர் அறையிலே கேட்டது இதனினும் கனமானது. கொலம்பியாவின் நீண்ட உள்நாட்டு யுத்தத்திலே வலிந்து காணாமற் செய்யப்பட்டோர் எத்தனை பேர்? உண்மையை ஆராய்ந்த ஆணைக்குழு, 2022 இல் வெளியிட்ட அறிக்கையிலே, 1985 முதல் 2016 வரை 121,768 பேர் என்று கூறிற்று. எந்தப் பட்டியலிலும் ஏறாதோரையும் மதிப்பிட்டுச் சேர்த்தால் தொகை 2 இலட்சத்தைத் தாண்டக்கூடும் என்றும் சொல்லப்பட்டது. எந்தப் பட்டியலிலும் இல்லாதவனை எப்படி எண்ணுவது? இதிலே ஓர் அழகான கணிதம் உண்டு. மாணாக்கருக்காக அதனைச் சற்று விரித்துரைக்கிறோம்.

ஓர் ஊரிலே காணாமற் போனோரின் பெயர்களைக் கோயிற் சபையொன்று திரட்டுகிறது. அதில் 60 பெயர்கள். மாதர் சங்கமொன்று தனியாகத் திரட்டுகிறது. அதில் 50 பெயர்கள். இரண்டையும் ஒப்பிட்டால் 30 பெயர்கள் இரண்டிலும் இருக்கின்றன. அதாவது, மாதர் சங்கம் கண்ட ஐம்பதின்மரில் முப்பதின்மரைக் கோயிற் சபையும் கண்டிருக்கிறது. ஐந்தில் மூன்று பங்கு. ஆகவே மொத்தத் தொகையிலும் ஐந்தில் மூன்று பங்கையே அச்சபை கண்டிருக்கும் எனக் கொண்டால், அறுபது என்பது ஐந்தில் மூன்று, மொத்தம் நூறு. இரு பட்டியலையும் சேர்த்தாலும் எண்பது பேரே தேறுவர். எஞ்சிய இருபதின்மர் எவர் வாயிலும் வராதவர்கள். குளத்து மீனை மதிப்பிட விஞ்ஞானிகள் கையாளும் முறையும் இதுவே. பட்டியல்கள் ஒன்றையொன்று சாராமல் திரட்டப்பட்டிருக்க வேண்டுமென்ற நிபந்தனை முக்கியம். அது எளிதில் நிறைவேறுவதில்லையாகையால், கொலம்பியாவில் நூற்றுக்கு மேற்பட்ட பட்டியல்களை ஒருங்கு சேர்த்து இதனிலும் நுட்பமான முறைகளைக் கையாண்டிருக்கின்றனர். வகுப்பிலே எத்தனையோ முறை மீன்களைக் கொண்டு நாம் விளக்கிய கணக்கு இது. அன்று குறிப்பெடுத்த பேனாவை மூடி வைத்துவிட்டு இருந்தோம்.

மறுநாட் பிற்பகல் எமது முறை வந்தது. கிணறுகளைப் பற்றிச் சொல்லி முடித்தபின், எழுதி வைத்திருந்த தாளிலே இல்லாத ஒன்றைச் சொன்னோம். இலங்கையிலே முதலாவது குடிசன மதிப்பு 1871 இல் நடந்தது. யுத்தம் காரணமாகச் சற்றே பிந்தியதுண்டாயினும் 1981 வரை அவ்வழக்கம் அறவில்லை. 1981 இல் நாம் இரண்டு வயதுக் குழந்தை. தாயார் மடியிலிருந்தபடியே எண்ணப்பட்டோம். 1991 இல் மதிப்பே நடக்கவில்லை. 2001 இல் 25 மாவட்டங்களுள் 18 இல் மட்டுமே அது முற்றுப்பெற்றது. எமது மாவட்டம் அவற்றுள் இல்லை. மறுபடி நாம் எண்ணப்பட்டது 2012 இல், முப்பத்து மூன்று வயதில். 1981 இலே கிளிநொச்சியும் சேர்ந்த யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறக்குறைய 8 இலட்சத்து 30 ஆயிரம் பேர் இருந்தனர். 2012 இலே இரு மாவட்டங்களையும் கூட்டினாலும் 7 இலட்சம் வரவில்லை. இடைப்பட்ட முப்பத்தொரு ஆண்டுகளிலே நடந்தது என்ன என்பதைக் குடிசன மதிப்பு நூல்கள் சொல்லமாட்டா. எமக்கொரு தங்கை இருந்தாள். 1985 இலே பிறந்தாள். 1995 இலே குடாநாடு பெயர்ந்தபோது எம்மோடு வன்னிக்கு நடந்து வந்தாள். 1996 இலே ஒரு பள்ளிக்கூடக் கொட்டகையிற் காய்ச்சல் கண்டு இறந்தாள். இரு மதிப்புகளுக்கும் இடையிலே வந்து போனவளாதலால், இந்த நாட்டின் எந்தக் குடிசன மதிப்பிலும் அவள் ஒருத்தியாக இடம்பெறவில்லை.

இவ்வளவே சொன்னோம். பத்து நிமிடம் முடிந்ததற்கு அடையாளமாக மணி அடித்தார்கள்.

அமர்வு கலைந்தபின் கறுப்பினப் பெண்மணியொருவர் மொழிபெயர்க்க ஒரு மாணவியையும் உடன் அழைத்துக்கொண்டு எம்மிடம் வந்தார். பசிபிக் கரைப் பக்கத்து சொக்கோ மாநிலத்தவர். அத்ராத்தோ நதியோரக் கிராமமொன்றிலே ஆசிரியை. அந்நாட்டிலே ஆசிரியரைப் ‘புரொபே’ என்று அன்பாக விளிப்பது வழக்கம். “புரொபே, எங்கள் ஆற்றுக்கு 2018 இலே எவரும் வரவில்லை. வந்திருந்தால் படகிலேதான் வந்திருக்க வேண்டும், படகுகளை நாங்கள் தவறவிடுவதில்லை” என்றார். பின்னர், உங்கள் தங்கையின் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னோம். தமது பேச்சுக்கு ஏற்றபடி ஒரு முறை உச்சரித்துப் பார்த்து, பிழையா என்று கேட்டார். பிழைதான், ஆயினும் இல்லை என்றோம். அவர் அதைத் தமது குறிப்புப் புத்தகத்தில் எழுதிக் கொண்டார்.

ஊண் விஷயத்தையும் சொல்லாமல் விடலாகாது. சோள மாவிற் சுட்ட ‘அரேப்பா’ என்பது எங்கள் உரொட்டிக்குத் தூரத்து உறவு. அவரைக் கறி நன்றாயிருக்கும் என்றெண்ணிக் கேட்டால் அதனுள்ளே பன்றி இறைச்சித் துண்டு கிடக்கிறது. மாமிசம் உண்ணாதோர் கேட்டு உண்பதே உத்தமம். எமக்கு ஆறுதலளித்தது ‘பனேலா’. கரும்புப் பாகைக் காய்ச்சி வார்த்த கட்டி அது. சுடுநீரிலே அதைக் கரைத்துக் குடிக்கிறார்கள். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்து வளர்ந்தவர்க்கு அந்த மணம் வீட்டு அடுக்களையையே நினைவூட்டும்.

ஓய்வு கிடைத்தபோது நகரைப் பார்த்தோம். 1991 இலே, இலட்சம் பேருக்கு 380 பேர் வீதம் கொலையுண்ட நகரம் இது. போதைப்பொருட் கூட்டத்தாரின் காலம் அது. இன்றோ, மலைச்சரிவிலே ஒன்றன்மேலொன்றாக ஏறி நிற்கும் ஏழை வீடுகளுக்குமேல், 2004 இல் தொடங்கிய கம்பித் தொங்கு வண்டி நகர்கிறது. சுற்றுலாக்காரருக்கென்று அமைத்ததல்ல, வேலைக்குப் போவோர் புகையிரத நிலையத்துக்கு இறங்கி வரும் வாகனமே அது. எம் வண்டியிலே மரக்கறிப் பையோடு ஒரு கிழவியும், சீருடையோடு இரு பள்ளிப் பிள்ளைகளும் இருந்தனர். கீழே தகரக் கூரைகளின்மேல் உலரும் துணிகளை எண்ணத் தொடங்கி, எண்ணி முடியாமல் விட்டோம்.

பதின்மூன்றாம் வட்டாரம் என்ற பகுதியிலே, மலையேறும் மக்களுக்காக 2011 இல் திறந்தவெளி மின்படிக்கட்டுகள் அமைத்திருக்கிறார்கள். சுவரெங்கும் சித்திரம், சந்துதோறும் இசை, பிரயாணிகள் கூட்டம். எம்மை அழைத்துச் சென்ற மாணவன் எதிர் மலையிலே வெறுமையாகத் தெரிந்த ஒரு மண்மேட்டைக் காட்டினான். கட்டட இடிபாடுகளைக் கொட்டும் இடம். 2002 இலே அப்பகுதியில் இராணுவ நடவடிக்கைகள் நடந்த காலத்திற் காணாமற் போனோரை அங்கே புதைத்துவிட்டனர் என்று தாய்மார் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லி வருவதாகவும், பலர் அதை நம்பவில்லை என்றும் சொன்னான். நாம் ஊர் திரும்பி ஒரு மாதமளவில், 2024 டிசம்பரிலே, அங்கே மனித எச்சங்கள் கண்டெடுக்கப்பட்டன என்ற செய்தியைப் படித்தோம்.

இறுதி நாளில் மெதெயின் செயற்சட்டகம் என்ற ஆவணம் வெளியிடப்பட்டது. கை தட்டினார்கள், நாமும் தட்டினோம். அதிலே கூறப்பட்டன யாவும் நல்லவையே. எவை நிறைவேறும் என்பதை அடுத்த மகாநாட்டார் எண்ணட்டும்.

நாம் புறப்படுவதற்கு முன்னரே, 2024 ஒக்டோபரில், இலங்கையிற் குடிசன மதிப்பு வேலை தொடங்கியிருந்தது. எம் வீட்டுக்கு உத்தியோகத்தர் வந்தது நாம் திரும்பிய பின்னர்தான். கையடக்கக் கணினியோடு வந்தவர் ஓர் இளம் பெண். தாயார் விறாந்தையிலே நாற்காலியைப் போட்டு, தேநீரும் பனங்கட்டியும் கொடுத்தார். கேள்விகளெல்லாம் முடிந்து அவர் கணினியை மூடப் போகும் வேளையிலே, “பிள்ளை, எனக்கு இன்னொரு பெட்டையும் இருந்தவள்” என்றார் தாயார்.

“பெயர் எழுத இதிலை இடமில்லை, அம்மா” என்றாள் அந்தப் பெண். சொன்னவள் எழுந்து போகவில்லை. கணினியை மடியிலே வைத்துக்கொண்டு, “எந்த வயசிலை, அம்மா?” என்று கேட்டாள். தாயார் சொல்லத் தொடங்கினார். அவளுடைய தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. நாம் உள்ளே சென்று, வேறு தேநீருக்கு உலையை வைத்தோம்.