சமர்த்து நகரம்

'ஸ்மார்ட் ஸிடி' என்னும் பதத்துக்குத் தமிழ் தேடிப் பண்டிதர்கள் வெகு சிரமப்பட்டிருக்கிறார்கள். 'சீர்மிகு நகரம்' என்றார் ஒருவர்; 'பொலிவுறு நகரம்' என்றார் இன்னொருவர். சீரும் பொலிவும் கல்யாணப் பெண்ணுக்கு வேண்டியவை. நம் வீடுகளில் 'சமர்த்து' என்ற சொல் கையோடு இருக்க, இவ்வளவு பிரயாசை எதற்கோ தெரியவில்லை. சமர்த்துப் பிள்ளையென்றால் புதுச் சட்டை போட்ட பிள்ளையல்ல. சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு வேளையில் காரியம் செய்கிற பிள்ளை.

மத்திய சர்க்கார் 2015-ம் வருஷம் நூறு நகரங்களைச் சமர்த்தாக்கத் திட்டம் போட்டார்கள். 2017-ல் புதுச்சேரிக்கு அந்த யோகம் அடித்தது. அதே ஆட்சிக்கு உட்பட்ட காரைக்காலுக்கு அடிக்கவில்லை. 2025 மார்ச்சோடு திட்டமும் முடிந்துவிட்டது. காரைக்கால் நண்பர்கள் இதைச் சொல்லிக் குறைப்படுவதுண்டு. நமக்கோ அவ்வளவு வருத்தமில்லை. அந்த நகரங்களில் வேலையை நடத்தியது முனிசிபாலிடிகூட அல்ல; அதற்கென்றே ஏற்படுத்திய கம்பெனி. கம்பெனி வாசலில் போய் நின்று, "எங்கள் தெருக் குழாயை வந்து பாருங்கள்" என்று எந்தக் குடித்தனக்காரர் சொல்வார்?

குழாய் என்றதும் காரைக்காலில் நமக்கு அத்தை முறையாகும் ஓர் அம்மாளின் நினைவு வருகிறது. குடத்தில் தண்ணீர் பிடித்ததும் ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடத்தை உள்ளே எடுத்துப் போவார். "என்ன அத்தை, பன்னீரா?" என்று நாம் பரிகாசம் செய்ததுண்டு. "உங்களுக்கென்ன, நாளைக்கு ரயிலேறிப் போய்விடுவீர்கள்" என்பது பதில்.

அந்தப் பதிலின் அர்த்தத்தை 2022 ஜூலையில் ஊரே கண்டது. அரசலாற்றங்கரையில் அழகாகப் படுத்திருக்கும் ஊர். மாங்கனித் திருவிழா நெருங்கிய வேளை. வீட்டுக்கு வீடு வாந்தியும் பேதியும். காலராக் கிருமி உண்டென்று பரிசோதனையில் தெரிந்து, ஜூலை 3-ம் தேதி சர்க்கார் சுகாதார அவசர நிலை பிரகடனம் செய்தார்கள். பள்ளிக்கூடங்களை மூடினார்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்கள். கழிவுநீர் கலந்த குடிநீரின் மேல்தான் சந்தேகம் விழுந்தது.

இதில் மாயமொன்றுமில்லை. நாள் முழுவதும் தண்ணீர் ஓடாத குழாயில், விட்ட நேரம் போக மற்ற நேரத்தில் அழுத்தம் இராது. பூமிக்கடியில் குழாய் எங்கே விரிந்திருக்கிறதோ, அங்கே பக்கத்துச் சாக்கடை மெள்ள உள்ளே நுழையும். மறுநாள் தண்ணீர் விட்டதும் முதல் குடத்தில் அதுதான் வரும். அத்தையம்மாள் முகர்ந்து பார்த்தது அந்த முதல் குடத்தை!

1854-ல் லண்டன் பிராட் தெருவில் காலரா வந்தபோது, ஜான் ஸ்நோ என்ற வைத்தியர் வீடு வீடாகப் போய் விசாரித்தார்; இறந்தவர்களைத் தெருப் படத்தில் குறித்தார். குறிகள் ஒரு பம்பைச் சுற்றியே மொய்த்தன. அந்த வட்டாரத்து நிர்வாகிகளிடம் சொன்னார். அவர்களும் பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள். படம் போட்டவரை உலகம் கொண்டாடுகிறது, கொண்டாட வேண்டியதே. அவர் பேச்சைக் கேட்டுக் கைப்பிடியைக் கழற்றியவர்களையும் நாம் கொஞ்சம் கொண்டாடலாம். எந்த யந்திரத்தைக் கொண்டு வந்து எந்தக் கம்பத்தில் மாட்டினாலும், கேட்பதற்கு ஆள் இல்லாவிட்டால் அது கம்பத்துக்கு ஆபரணமாகத்தான் இருக்கும்.

காரைக்காலுக்கு அப்படிக் கேட்கும் ஆட்கள் இல்லாமலில்லை. 1880-லேயே பிரெஞ்சுக்காரர்கள் இங்கே கொம்யூன்களை ஏற்படுத்தி, ஓட்டுப் போட்டு சபை அமைக்கச் செய்தார்கள். தேர்தலில் தடியும் கள்ள ஓட்டும் தாராளமாக நடமாடின என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆனாலும் மேயர் என்று ஒருவர் இருந்தார். அவர் வீடு எது என்று ஊருக்குத் தெரியும். 1954-ல் அந்நிய ஆட்சி போயிற்று. கொம்யூன் என்ற பெயர் மட்டும் நிலைத்தது. 1968-ல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்கு அடுத்தது 2006-ல்தான். நடுவே 38 வருஷம்! அப்படி வந்த அங்கத்தினர்களின் காலமும் 2011-ல் முடிந்தது. 2021-ல் மறுபடி தேர்தல் அறிவித்தார்கள். கோர்ட்டு வரை போய் அதுவும் நின்றது.

ஆகவே, 2022 ஜூலையில் தண்ணீர் நாறுகிறதென்று சொல்ல வேண்டியிருந்த தெருவுக்கு, இரவில் போய்க் கதவைத் தட்ட ஒரு மெம்பர் வீடு இல்லை.