சோளக்குருவி ஊர் திரும்பும் நேரம்

மாரியம்மன் கோயில் மாசித் திருவிழா முடிந்து, கழுமரம் ஏறிய பேச்சு அடங்கும்போதுதான் நத்தத்தில் வெயில் சுள்ளென்று ஏறும். மாந்தோப்புகளில் வடு தொங்கும். புளி உலுக்கும் வேலை முடியும் தறுவாயில் இருக்கும். அப்படியொரு பங்குனி மாலையில், கேள்வி-பதில் பகுதிக்கு வந்த ஒரு கடிதத்தோடு கரந்தமலை அடிவாரத்துக்குப் போனேன்.

தைப்பட்டத்தில் போட்ட இறவைச் சோளம். கதிர் பால் பிடித்திருந்தது. கடிதம் எழுதிய விவசாயி வரப்பில் தகர டப்பாவோடு நின்றார். "விரட்டி விரட்டி ஓஞ்சு போனேன் சார். அரிசியில மருந்தக் கலந்து வச்சிரட்டுமா?" என்றார்.

"வேண்டாம்ணே. செத்த நேரம் உட்காருங்க" என்றேன்.

ஐந்தரை மணிக்கு மேல் வந்தன. வானத்தில் போர்வையை உதறியது போல ஒரு கூட்டம் சுருண்டு விரிந்து, புளியமரத்தில் இறங்கியது. மைனா அளவு, தலையும் இறக்கையும் கறுப்பு, உடம்பு ரோஜா நிறம். நாம் சோளக்குருவி என்போம், புத்தகத்தில் சூறைக்குருவி.

இது நம்மூர்ப் பறவை இல்லை. கஜகஸ்தான், சீனாவின் மேற்குப் பகுதி போன்ற புல்வெளி நாடுகளில் குஞ்சு பொரித்து, குளிருக்கு இங்கே வருகிறது. பங்குனி, சித்திரையில் திரும்புகிறது. அங்கே அதன் குஞ்சுகளுக்கு முக்கிய உணவு வெட்டுக்கிளி. சீனாவின் சின்ஜியாங்கில் 1980களிலிருந்தே இதற்காகக் கல் குவித்து, கூடு கட்ட இடம் செய்து கொடுக்கிறார்கள். இங்கேயும் சோளம் மட்டும் தின்பதில்லை. புழு பூச்சிகளையும் பொறுக்குகிறது. முள்முருங்கைப் பூவில் தேன் குடித்து, மகரந்தமும் சுமக்கிறது.

விஷம் பற்றி எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் இதே போல மருந்து வைத்தார். நான் தடுக்கவில்லை. மூன்றாம் நாள் கிணற்று மேட்டில் மைனாவும் கரிச்சானும் செத்துக் கிடந்தன. அவற்றைத் தின்ற கூகையும் கிடந்தது. கூகை போனால் எலிக்கு யார் காவல்? 1995-96இல் அர்ஜென்டினாவில் வெட்டுக்கிளிக்கு மோனோகுரோட்டோபாஸ் அடித்தபோது, வலசை வந்த பருந்துகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. பறவைக்கு விஷம் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

அவரிடம் சொன்னது இதுதான். பால் பிடித்ததிலிருந்து மணி இறுகும்வரை காவல் போதும். நாள் முழுக்க வேண்டாம். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். மினுங்கும் நாடாவைப் பயிருக்கு ஓரடி மேலே முறுக்கிக் கட்டுங்கள். பழகிவிடாமல் அவ்வப்போது இடம் மாற்றுங்கள். ஓரத்துக் கதிர்களை அதனதன் இலையாலேயே மூடிக் கட்டலாம். அடுத்த ஆண்டு பக்கத்து வயல்காரர்களோடு ஒரே வாரத்தில் விதையுங்கள். சேதம் ஒருவர் தலையில் விழாது.

இரண்டு வாரம் கழித்து அவரே போன் செய்தார். ஓரத்தில் நாலு வரிசை போனதாம், மற்றது தேறிவிட்டதாம். கடைசியில் சொன்னார்: "ரெண்டு நாளா புளியமரத்துல சத்தமே இல்ல சார். என்னமோ வெறிச்சுன்னு இருக்கு."