அத்தையின் ரப்பர் செருப்பு

மதுரையில் ஒரு பழைய வீடு. கொஞ்ச நாளாக அந்த வீட்டுப் பெரியம்மாவுக்கு ஒரு புதுப் பழக்கம். குளிக்கப் போனாலும் ரப்பர் செருப்பைக் கழற்ற மாட்டார்.

"பைப்பைத் தொட்டா சுருக்குனு இழுக்குதும்மா" என்றார் மருமகளிடம். அவரும் போய்த் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. தொட்டது மத்தியானம், கீஸரை அணைத்த பிறகு!

"உனக்குச் சுகர் இருக்குல்லம்மா, நரம்பு இழுக்கும்" என்று முடித்துவிட்டார் மகன்.

இரண்டு மாதம் போனது. ஒருநாள் காலையில் பேத்தி ஈரக்காலோடு குழாயைத் திறந்தவள், வீலென்று அலறினாள். அன்றைக்குத்தான் எலெக்ட்ரீஷியன் வந்தார்.

கீஸரைப் போட்டுவிட்டுக் குழாயில் டெஸ்டரை வைத்தார். விளக்கு எரிந்தது. கீஸர் காயில் பழுதாகி, கரன்ட் டேங்குக்குக் கசிந்திருந்தது. அப்படிக் கசிந்தால் மண்ணுக்குள் இறக்கிவிடத்தானே எர்த் ஒயர்? அது எங்கே போகிறது என்று தேடினார். அந்தக் காலத்தில் அதைத் தண்ணீர் வரும் இரும்புக் குழாயிலேயே கட்டியிருந்தார்கள்.

"சமீபத்துல பைப் மாத்துனீங்களா?"

மாற்றியிருந்தார்கள். மண்ணுக்குள் துருப்பிடித்த குழாயை எடுத்துவிட்டு, பிவிசி போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக்கில் மின்சாரம் பாயாது. இறங்க வழியில்லாத கரன்ட், சுவரில் மிச்சமிருந்த இரும்புக் குழாயில் காத்திருந்தது. ஈரக்காலோடு தொடுகிற உடம்புதான் அதற்கு வழி.

"கசிவு இன்னும் கொஞ்சம் கூடியிருந்தா உசுருக்கே ஆபத்து. அம்மாவை இந்தச் செருப்புதான் காப்பாத்தியிருக்கு" என்றார்.

கீஸருக்குப் புதுக் காயில் போட்டார்கள். வீட்டோரம் ஆழமாகக் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, தனி எர்த் இறக்கினார்கள். குழாயையும் பச்சை ஒயரால் அதோடு இணைத்தார்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வந்தது. அந்த அளவு கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் கரன்ட்டை நிறுத்திவிடும்.

"கோடையில எர்த் குழி காயாம தண்ணி ஊத்துங்க. ஆர்சிசிபியில டெஸ்ட் பட்டன் இருக்கு, மாசம் ஒருதடவை அழுத்திப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பழைய வீட்டில் குழாய் மாற்றுகிறவர்கள், எர்த் எங்கே போகிறது என்று எலெக்ட்ரீஷியனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

மறுநாள் காலை. பாத்ரூம் வாசலில் செருப்பு கிடந்தது. தலை துவட்டிக்கொண்டே வந்த அம்மாவிடம் மகன் கேட்டார்: "இப்ப இழுக்குதாம்மா?"

இரண்டு மாதத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.